சுவர் அவருக்கு, வாஷிங் மெஷின் எனக்கு

நவம்பர் 12, புதன்

விடாத மழை. கம்பெனியில் ஏ ஷிப்ட் முடிந்து வந்தால் ரூம் வாசலில் கூட்டம். சுவிட்ச் போர்டு வெடித்துத் தீ. பக்கத்து ரூம்காரர்கள் கதவை உடைத்து அணைத்திருக்கிறார்கள். சுவர் கரி. என் வாஷிங் மெஷின் பாதி உருகிவிட்டது. ஐயோ, என் மெஷின்! ரூம்மேட் பேச்சியின் சுடிதார்களும் போச்சு.

ஹவுஸ் ஓனர் கத்தல்: "கரண்டு அடுப்ப ஆஃப் பண்ணாம வேலைக்குப் போயிட்டு, வூட்டையே கொளுத்திட்டீங்களேம்மா! ஞாயித்துக்கிழம காலி பண்ணிடணும். அட்வான்ஸ் ரிப்பேருக்கே பத்தாது."

நான் ஆஃப் செய்தேன். செய்தேனா? பேச்சியே கேட்கிறாள், "ஏட்டி, நெசமா அமத்துனியா?"

இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போன். மெஷின் வாங்கிய கையோடு ரூம் சாமான்களுக்கு என் பெயரில் பாலிசி போட்டேன். அன்று பேச்சி சிரித்த சிரிப்பு! "வாடகை ரூமுக்கு இன்சூரன்ஸ் போட்ட மகராசி." நாளை மறுநாள் ஆள் வருவாராம்.

வியாழன், 13

தூறல். லீவு. வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, பாய், சிவப்பு டேப்.

ஓனர் சம்சாரம் அக்கா காலையிலேயே சுண்ணாம்பு வாளியோடு. நாளைக்கு வெள்ளிக்கிழமையாம், வீட்டில் கரி இருக்கக்கூடாதாம். வராண்டாவை ஏற்கெனவே வெளுத்தாகிவிட்டது. ரூமுக்குள் விடவில்லை. எங்கள் லைனில் ரிஜெக்ட் ஆன பார்ட்டை யாரும் துடைக்க மாட்டோம். சிவப்பு டேப் ஒட்டி ஓரமாக வைப்போம், செக் பண்ணுகிறவர் பார்க்கும் வரை. அதே மாதிரி போர்டைச் சுற்றி ஒட்டினேன்.

"இன்னாமா இது, கொல நடந்த வூடு மாதிரி!"

"அக்கா, வீடு கட்ட லோன் போட்டப்ப பேங்க்ல இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்க. அண்ணன்கிட்ட கேளுங்க. கரியப் பாக்காம அவங்க காசு தர மாட்டாங்க."

வாளி திரும்பிப் போனது.

வெள்ளி, 14

வெயில்! இன்சூரன்ஸ் ஆள் வந்தார். தாங்க்ஸ் என்றுகூடச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு, டேப்பைப் பிரித்துப் போர்டைக் கழற்றினார்.

"மாடித் தண்ணி சுவத்துல எறங்கி ஒயர் ஷார்ட் ஆயிருக்கு. அடுப்பு பிளக்கே கழட்டிதான கிடக்கு?"

கழற்றித்தான் கிடந்தது. நான்தான் கழற்றினேன்! பேச்சி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஓனர் விடவில்லை. "அப்ப செவுத்துக்கும் இவங்க பாலிசிதான சார் குடுக்கணும்?"

"சுவரு, ஒயரிங், கதவு உங்க பாலிசி. உள்ள இருக்கிற சாமான் அவங்க பாலிசி. உங்க பாலிசி அவங்க மெஷினுக்கு வராது, அவங்களது உங்க சுவத்துக்கு வராது."

பேச்சியின் துணி சேராதாம், பாலிசி என் பெயரில் மட்டும். முகம் தொங்கிவிட்டது. சாயங்காலமே, "எனக்கும் ஒண்ணு போடணும்ட்டி." சிரிக்காமல் விடுவேனா!

சனி, 15

ஓ.டி. போகவில்லை. ஓனரின் இன்சூரன்ஸ் ஆளும் வந்து அதையே சொன்னார். ரூம் சுவரைப் போட்டோ எடுத்தார். வராண்டாவைப் பார்த்து, "இங்க ஒண்ணும் ஆகலையே?" என்றார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டார்.

ஞாயிறு, 16

காலி செய்ய வேண்டிய நாள். பெட்டி கட்டவில்லை. பத்து மணிக்கு ஓனர் எலக்ட்ரீஷியனோடு வந்தார். தலையைச் சொறிந்தார்.

"தப்பா பேசிட்டேன்மா. மனசுல வெச்சுக்காத. அட்வான்ஸ் அப்டியே கீது."

"சரிண்ணே. புது ஒயர் நல்லதாப் போடச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து புரோக்கர் இரண்டு பையன்களோடு படியேறி வந்தார், ரூம் பார்க்க. புதன்கிழமையே சொல்லி வைத்திருந்த ஓனர் விழித்தார். நானே வாசலுக்குப் போனேன்.

"ரூம் காலி இல்லண்ணே. நாங்க இருக்கோம்."