உள்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3, திங்கள்

தண்ணீர்த் தொட்டி ஆர்டர். தொட்டியின் கால் எட்டு எம்எம் தகடு, அடி ஒரு எம்எம் தகரம். இரண்டையும் வெல்டு வைத்து ஒட்ட வேண்டும். ராடைத் தடிமனான தகட்டில் காட்டி, அது உருகியதும் தகரத்தை லேசாகத் தொட்டுவிட்டு உடனே தடிமனுக்கே ஓடிவந்துவிட வேண்டும். தகரத்தில் ஒரு நொடி கூட நின்றால் ஓட்டை. காலையிலிருந்து பதினான்கு கால் போட்டேன், ஒரு ஓட்டை இல்லை. பதினெட்டு வருஷம் சும்மா போகவில்லை.

பதினைந்தாவது கால் போடும்போது மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். இதே பட்டறையில் கிரைண்டர் போடுகிறவர். நான் ஒட்டுவதை அவர் தேய்ப்பார். எட்டு வருஷம் முன்னால், கைத்தொழில் தெரிந்த பையன் என்று நானே பார்த்துக் கட்டி வைத்தேன். அவள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

நேற்றுதான் தங்கச்சியின் உதட்டைப் பார்த்திருந்தேன். கிழிந்து வீங்கியிருந்தது. குழாயடியில் வழுக்கி விழுந்தாளாம். யாரிடம் கதை விடுகிறாள்? குழாய்க்கு மோதிரம் போட்ட கை இருக்கிறதா?

"என்ன மச்சான், காலையிலேயே மூஞ்சி சரியில்ல?" என்றார்.

ஹோல்டரைக் கீழே வைத்தேனா, போட்டேனா, ஞாபகமில்லை. அவர் மூக்கில் என் முட்டி இறங்கியது ஞாபகமிருக்கிறது. பிறகு இன்னும் இரண்டு. பெயிண்டர் ஓடிவந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார். மாப்பிள்ளை திருப்பி அடிக்கவில்லை. புறங்கையால் ரத்தத்தைத் துடைத்து, அதைப் பார்த்துவிட்டு, "சரி மச்சான்" என்றார். கிரைண்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பொய் எழுதுவானேன்? அடித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

நான் கொடுத்தது மூன்று. அவள் நேற்று ராத்திரி அவரிடம் வாங்கியது எத்தனை என்று கேட்டால், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

மதியம் தங்கச்சி பட்டறைக்குப் பின்பக்கம் வந்து நின்றாள். இடது காதை மறைத்துத் தலை சீவியிருந்தாள்.

"அண்ணா, நீ இங்க அடிக்கிறது எனக்கு அங்க விழுது. தெரியுதா இல்லையா உனக்கு?"

"கொன்னுடட்டுமா?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"கொன்னுட்டு நீ உள்ள போ. நானும் வாண்டும் தெருவுல நிக்கிறோம்." வாண்டு என்பது அவள் மகள். ஆறு வயது. "எனக்கு ஒரு தாழ்ப்பாள் பண்ணிக் குடு. பின்னறைக் கதவுக்கு, உள்பக்கமா. அவரு ஆரம்பிச்சார்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போய்ப் போட்டுக்கிறேன். ஒரு ராத்திரியாவது கண்ணை மூடணும்ணா."

நான் அவரைத் தூக்கிப் போட்டு மிதிக்கத் தயாராக நிற்கிறேன். இவள் தாழ்ப்பாள் கேட்கிறாள். சரியென்று தலையை ஆட்டினேன்.

மார்ச் 8, சனி

மாப்பிள்ளையை ஓனர் வெளிவேலைக்கு அனுப்பியிருந்தார். சின்ன வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

பின்னறைக் கதவு நான் செய்ததுதான். ஆங்கிள் சட்டம், மேலே ஒரு எம்எம் தகரம். தாழ்ப்பாளின் அடித்தகடு எட்டு எம்எம். தொட்டிக் கால் மாதிரியேதான். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

கண்ணைத் திறந்ததுதான் தப்பு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. அளந்து பார்த்தேன், என் தங்கச்சியின் தலை உயரம். அதில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தது. கரண்ட்டைக் கூட்டி வைத்தேன். ஏன் கூட்டினேன்? ராடைத் தகரத்தின் மேல் வைத்து அழுத்தினேன். பொசுக்கென்று ஓட்டை. அதை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று.

எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்க வேண்டும். அவர் வரும் நேரமாகிவிட்டது. ராடை உருக்கி ஊற்றி இரண்டையும் மூடி, மழமழவென்று தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. தங்கச்சி இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். அவள் சிரித்ததை எப்போது கடைசியாகப் பார்த்தேன்? அந்தச் சிரிப்பில் ஓட்டையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டீ நேரத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பின்னறைத் தாழ்ப்பாள் பார்த்தேன் மச்சான். தேய்ப்பு ரொம்ப அழகு."

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நல்லா ஒட்டுன வெல்டுக்கு எதுக்கு அவ்வளவு தேய்ப்பு?"

நான் ஒட்டியதை எட்டு வருஷமாகத் தேய்த்தவர். எங்கே பிடித்திருக்கிறது, எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று கிரைண்டர் சத்தத்திலேயே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிசெய்துவிட வேண்டும். அதுவரை ஒன்றும் ஆகாது.

மார்ச் 13, வியாழன்

பின்னறைக் கதவில் மூன்றே உதை. எங்கே உதைக்க வேண்டுமோ அங்கே.

தாழ்ப்பாள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. கட்டிலின் இரும்புக் காலால் அவள் கையை அடித்திருக்கிறான். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போச்சு. குழந்தை கட்டிலுக்கடியில் கிடந்து எல்லாத்தையும் பார்த்திருக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். என் தங்கச்சி முதன்முறையாக உள்ளதைச் சொன்னாள். என் புருஷன் அடிச்சார் என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, வெல்டு நான் போட்டது டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா?

அந்தத் தாழ்ப்பாள் இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த தகரத்தில் இரண்டு ஓட்டையும் அப்படியே தெரிகிறது. அந்த இடத்தில் வெல்டு தடிமனைக் கடிக்கவே இல்லை. எட்டு வயசுப் பையன்கூட இழுத்து எடுத்துவிடுவான். தூ.

மார்ச் 14, வெள்ளி

அவன் வேலைக்கு வந்தான். வந்தானே! ஒன்றும் நடக்காத மாதிரி கிரைண்டரில் டிஸ்க் மாட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது.

சட்டையைப் பிடித்து இழுத்து மேஜையில் சாய்த்தேன். வலது கையை வைஸ் இடுக்கிக்குள் வைத்து இறுக்கினேன். எந்தக் கையால் அடித்தானோ அந்தக் கை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அலறினான். மூன்றாவது சுற்றில் ஏதோ நொறுங்கும் சத்தம் வந்தது. நான்காவதைச் சுற்றப் போனேன். முதுகில் ஓர் அடி விழுந்து நான் கீழே கிடந்தேன். ஓனர் கையில் இரண்டடி ஆங்கிள் இரும்பு.

"கொலைகாரப் பயலா நீ?" என்று என்னைக் கேட்டார். அவனைக் கேட்கவில்லை.

அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது, கட்டுப் போட்டுவிட்டு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். "உன்னையும் அனுப்பணும். தொட்டி ஆர்டர் பாதியில நிக்குது, அதுக்காக வெச்சிருக்கேன். இன்னொரு தடவை கையை ஓங்குன, கேட்டுக்கு வெளிய நிப்ப" என்றார்.

ஆத்திரம் தீரவில்லை. நான்காவது சுற்று பாக்கி.

மார்ச் 17, திங்கள்

தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டாள். கையில் மாவுக்கட்டு. அவன் தன் சிநேகிதன் வீட்டில் இருக்கிறானாம்.

வைஸ் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"என்னடி கேள்வி இது?"

"அவரும் அடிச்சு முடிச்சதும் இப்படித்தான் உக்காருவாரு. மூஞ்சி தெளிஞ்சு."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவளே தொடர்ந்தாள். "வாசக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும். பின்னறைல ஒளியிற வேலை முடிஞ்சுது. அவரு வெளியவே நிக்கட்டும். ஆனா ஒண்ணு. கோபத்தோட வந்து போடாத. சாப்பிட்டுட்டு, தூங்கி எழுந்து வந்து போடு."

அப்போதுதான் சொன்னேன், முதல் தாழ்ப்பாளில் இருந்த ஓட்டைகளைப் பற்றி. அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "தெரியும். கிழிஞ்ச தகரத்தப் பார்த்தேன்ல" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிட்டேன். தூங்கினேன். போனேன்.

வாசல் கதவும் ஒரு எம்எம் தகரம்தான். அதையும் எட்டு எம்எம்மையும் நேராகச் சேர்க்கவில்லை. நடுவில் மூன்று எம்எம் பட்டை ஒன்று வைத்து, அதைக் கதவின் ஆங்கிள் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வைத்தேன். கரண்ட்டைக் குறைத்து, சூட்டைத் தடிமனுக்குக் கொடுத்து, தகரத்தைத் தொட்டும் தொடாமலும். ஒரு விரல் நீளம் போடுவேன், ஆறட்டும் என்று உட்காருவேன். வாண்டு கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வரவில்லை. மூன்று மணி நேரம் ஆனது.

தேய்க்கவில்லை. கசடை மட்டும் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். நாலு கிலோ சுத்தியலால் இருபது அடி அடித்துப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை.

மார்ச் 22, சனி

சாயங்காலம் வந்திருக்கிறான். குடித்துவிட்டு, இடது கையால் குத்தி, காலால் உதைத்து, அரை மணி நேரம். கதவில் ஒன்பது பள்ளம். தாழ்ப்பாள் நின்றது.

அவன் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்து அழுதானாம். அவள் திறக்கவில்லை. அழுது முடித்து அவன் போனதும், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டாள். மாவுக்கட்டுக் கையோடு, தனியாக. என்னைக் கூப்பிடவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்குப் பெயிண்டர், "உங்க மாப்பிள்ளை தங்கச்சி வீட்டுப் பக்கம் போறதைப் பார்த்தேனே" என்றார். அவ்வளவுதான். கைக்கு அகப்பட்டது இரண்டடிப் பைப். பட்டறையிலிருந்து அவள் வீடு வரை ஒரே ஓட்டம். இன்று அவன் மண்டையைப் பிளக்காமல் திரும்புவதில்லை.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "திற!" என்று கத்தினேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். அவன் உள்ளேதான் இருக்கிறான். அவளைப் பேச விடாமல் வாயைப் பொத்தியிருக்கிறான். "வெளிய வாடா நாயே!" பைப்பால் அடித்தேன். உதைத்தேன். ஓடிவந்து உதைத்தேன். தாழ்ப்பாள் அசைய வேண்டுமே. எங்கே உதைத்தால் பிடுங்கும் என்று எனக்குத் தெரியும், வெல்டு போடும்போது அப்படி ஓர் இடத்தை நான் விட்டுவைக்கவில்லை. நான் போட்ட வெல்டு என்னை உள்ளே விடவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ உதையில் குழந்தையின் குரல் கேட்டது.

"அப்பா வேணாம்ப்பா. அம்மாவ விட்டுடுப்பா. நான் சமத்தா இருக்கேன்ப்பா."

கால் அந்தரத்தில் நின்றது.

பிறகு தங்கச்சி பேசினாள். மூச்சு வாங்கியது. "அண்ணா, அவரு இல்ல. போலீஸ்காரம்மாவோட வந்து அவரு துணியை எடுத்துட்டு அப்பவே போயிட்டாரு."

"அப்புறம் ஏண்டி திறக்கல?"

"நீ உதைச்ச உதைல எனக்குக் கை கால் ஓடல. பைப்பை ஜன்னல் வழியா உள்ள போடு."

போட்டேன். கதவுக்கு முன்னால் நின்றேன். திறக்கவில்லை.

"வாண்டு என் காலை விட மாட்டேங்குறா. திறக்காத, திறக்காதங்குறா. நீ போண்ணா. இன்னைக்குப் போ."

கதவில் பள்ளங்கள் கூடியிருந்தன. எது அவன் உதைத்தது, எது நான் உதைத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வலது கால் பெருவிரல் நகம் போய்விட்டது. எனக்குக் கல்யாணம் ஆகாதது யாரோ ஒருத்தி செய்த புண்ணியம்.

மார்ச் 31, திங்கள்

ஓனர் புது கிரைண்டர் ஆளைச் சேர்த்திருக்கிறார். என் வெல்டைத் தேய்க்க வந்தார். "தேய்க்காதீங்க, முதல்ல எப்படி ஒட்டியிருக்குன்னு பாருங்க" என்றேன். ஓரிடத்தில் பிடிக்கவில்லை என்று காட்டினார். முன்பென்றால் சுத்தியல் பறந்திருக்கும். கை அதைத் தூக்கத்தான் செய்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

தங்கச்சி போன் செய்யவில்லை. நானும் போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று அவளே போன் செய்தாள். வீட்டுப் பக்கமே வர மாட்டேன் என்று போலீஸில் அவனிடம் எழுதி வாங்கியிருக்கிறார்களாம். ஊரை விட்டே போய்விட்டான் என்று கேள்வி. "நாளைக்கு வா. பகல்ல வா" என்றாள்.

பத்து மணிக்குப் போனேன். கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, விரலால் மட்டும் தட்டினேன்.

"மாமாதான். கையில ஒண்ணும் இல்ல."

ஜன்னலில் வாண்டின் கண் தெரிந்தது. "ரெண்டு கையும்" என்றாள்.

இரண்டையும் தூக்கிக் காட்டினேன்.

"திருப்பிக் காட்டு."

திருப்பினேன். புறங்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலை மறைந்தது. உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம். "நானே திறக்குறேம்மா" என்கிறாள்.

எட்டு எம்எம் தாழ்ப்பாள் அவளுக்குக் கனம். இழுக்கிறாள், நிற்கிறாள், மறுபடி இழுக்கிறாள். வெளியிலிருந்து கதவை லேசாகத் தள்ளிக் கொடுத்தால் சுலபமாக வந்துவிடும். நான் தள்ளவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.