இரண்டாவது வெடி

மார்ச் 4

என் குருவிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தொடங்குவேன். இந்த முறை அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறிவிட்டாய். கை கழுவினாயோ என்னவோ. போனில் பேசலாம் என்றால் உன் அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் காகிதம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குண்டு பட்ட வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காதாம். துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. யார் சுட்டது என்று விசாரிக்கிறார்கள். வந்திருந்த சங்கத்துக்காரர்கள் எல்லோரும் "நாங்க கீழ சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்" என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள்.

வியாபாரிகள் சங்கத் தலைவராக ஜெயித்த சந்தோஷத்தில் உன் அத்தான் செய்துவிட்டார். வேண்டுமென்றா செய்தார்? நீ வக்கீலம்மா ஆபீசில்தானே இருக்கிறாய், இதற்கு என்ன தண்டனை என்று கேட்டு எழுது. கைதவறி வெடித்தால் குறைச்சலா? அதுவும் ஒரு பெண் கையில் வெடித்திருந்தால் இன்னும் குறைச்சலா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்று நீ போட்டிருந்த ரவிக்கை அந்தம்மா தைத்ததுதானே? உனக்கு நன்றாக இருந்தது.

அக்கா


மார்ச் 9

அன்பு அக்கா,

கை கழுவவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதுதான் விரலில் குழம்பு காய்ந்திருப்பதைப் பார்த்தேன். இறங்கித்தான் கழுவினேன்.

யார் வீடு என்று சொல்லாமல் வக்கீலம்மாவிடம் கேட்டேன். "உரிமம் இருக்குன்னா வானத்தையும் சேர்த்தா எழுதிக் குடுத்திருக்காங்க?" என்றார். ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் காரணமில்லாமல் சுட்டாலே குற்றம். யார் மேலும் படாவிட்டாலும் சிறையோ அபராதமோ உண்டு, உரிமமும் போகும். காயம் பட்டுவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். சந்தோஷத்தில் சுட்டேன் என்பது சமாதானம் ஆகாதாம். கைதவறுதல் என்று நிரூபித்தால் குறையும், ஆனால் விட்டுவிட மாட்டார்கள். பெண் என்று தள்ளுபடி தர இது துணிக்கடை இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுத்தால் அது தனிக் குற்றம்.

அக்கா, நீ சும்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உங்கள் மொட்டை மாடியில் அத்தான் போட்ட முதல் வெடி வானத்துக்குப் போனது. கைதட்டினார்கள். "இன்னொண்ணு போடுங்க தலைவரே" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். துப்பாக்கி பிடித்த கை தாழ்ந்திருந்தது. இரண்டாவது வெடிக்கு எதிர்மாடியில் அந்தம்மா கத்திய சத்தம் கேட்டதும் ஒருவர் பாட்டைக் கூட்டி வைத்தார். இன்னொருவர் தட்டில் இருந்ததைத் தின்று முடித்துவிட்டுத்தான் படி இறங்கினார். அத்தான் உன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த தோட்டாக் கூடுகளைக் காட்டி, "எச்சித் தட்டோட சேத்து அதையும் அள்ளிப் போடு" என்றார்.

நீ குனிந்து அள்ளினாய். அவரை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. நீ குனிந்ததை நினைத்தால்தான் குமட்டுகிறது.

எதிலும் கையெழுத்துப் போடாதே.

குருவி


மார்ச் 15

என் குருவிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். உனக்குக் குமட்டினால் பஸ் ஏறிவிடலாம். நான் இங்கேதான் சமைக்க வேண்டும்.

நேற்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அலமாரியைத் துடைக்கும்போது என் கை பட்டு வெடித்துவிட்டது என்று. "நான் உள்ள போனா கடை போச்சு, சங்கம் போச்சு. நீ போனா என்ன போகுது சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தேன். சட்டென்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அபராதத்தோடு முடிந்துவிடும் என்று அவருடைய வக்கீல் சொல்கிறார். அவர் பெரிய வக்கீல். உங்கள் ஆபீஸ் மாதிரி மாடிப்படிக்கு அடியில் இல்லை.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். என் தங்கை அன்று வரவே இல்லை என்று. "அவ இருந்தாலும் இல்லாத மாதிரிதானே இருப்பா, யாரு பாத்திருக்கப் போறா" என்றார் அத்தான். அதில் பொய் இல்லையே. கல்யாண வீட்டிலும் நீ தண்ணீர்த் தொட்டி ஓரமாகத்தானே நிற்பாய். பட்டம் வாங்கிய அன்றுகூட போட்டோவில் பாதி முகம்தான் விழுந்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்தாய். இப்போதும் அப்படியே இருந்துவிடு. அக்காவுக்காக வேறொன்றும் செய்ய வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 21

அக்கா,

அலமாரி உன் படுக்கையறையில் இருக்கிறது. அந்த ஜன்னல் பின்சந்தைப் பார்த்தது. அப்படியென்றால் தோட்டா ஜன்னல் வழியே இறங்கி, தெருவைச் சுற்றி நடந்து, எதிர்வீட்டு மாடிப்படி ஏறித்தான் அந்தம்மாவின் கையைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். அலமாரிச் சாவியோ அத்தான் இடுப்பை விட்டு இறங்காது. சொந்த வளையலை எடுக்கவே நீ கதவோரம் நின்று கேட்பாய். பெரிய வக்கீலுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். நீ மாட்டினால் அவருக்கு என்ன?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தோளு பிடிக்குதா பாப்பா?"

எந்தத் தோள் என்று கேட்டேன்.

"அன்னிக்கு மாடியில நின்னியே. துணி எடுக்க வந்தவ உன்னப் பாத்துட்டு, ரவிக்க எப்படியிருக்குன்னு கையத் தூக்கிக் கேட்டேன். நீயும் திரும்பி முதுகைக் காட்டுனே. அதுக்குள்ளதான்..." கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "இடது தோள்ல கொஞ்சம் இழுக்குது. பிரிச்சுத் தைக்கணும். இனிமே வேற யார்கிட்டயாவது குடு" என்றார்.

யாரும் கவனிக்காத என்னை அந்த மாடியிலிருந்து ஒருத்தி கவனித்திருக்கிறாள், அக்கா. தூக்கிய கையில்தான் பட்டிருக்கிறது. அவளுக்கு முதுகைக் காட்டியதால்தான் அத்தானுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். துப்பாக்கியையும் அவர் பல்லையும் ஒன்றாகப் பார்த்தேன். அந்தத் தோட்டா என் தோளைத் தாண்டித்தான் போனது. அது போன இடத்தில் நான் இல்லவே இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் என்ன எழுதிக் கொடுத்திருப்பாய் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கப் பிடிக்கவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். திரும்பச் சொன்னேன். அப்போதும் விழவில்லை. கடைசியில் நான் சொன்னது வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது. யார் சுட்டது, எப்படிச் சிரித்தார், யார் பாட்டைக் கூட்டியது, யார் தோட்டாக் கூட்டை அள்ளியது. ஆம், உன்னையும் சொன்னேன்.

நீ கொடுத்ததை மாற்றிச் சொல்ல இன்னும் வழி இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற எங்கள் வக்கீலம்மா உனக்காக வருகிறேன் என்கிறார். வருவதானால் அத்தானைக் கேட்காமல் வா. வராவிட்டால் நாம் பார்த்துக்கொள்வது கோர்ட்டில்தான். அங்கே உன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

ரவிக்கையைப் பிரிக்கக் கொடுக்கவில்லை. அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்று மாடியில் இருந்தவள்