ராக்கெட் உட்கார்ந்த இடங்கள்

அக்கா,

இன்று காலை கறிக்கடை பாய், நான் கேட்காமலேயே நூறு கிராம் ஈரலைத் தனியாகப் பொட்டலம் கட்டி என் பைக்குள் வைத்தார். "நம்ம ராக்கெட்டுக்குக்கா. நீங்க ஈரல் வாங்கி எம்புட்டு நாளாச்சு" என்றார். நல்ல மனசுக்காரர். வேண்டாம் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சை ஈரலின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. பையோடு படியிறங்கிவிட்டேன். வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டிப் போட்டிருந்த உங்கள் நாய் எழுந்து வந்து பையை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. இதே வாடைக்கு ஒரு காலத்தில் உடம்பையே வாலாக்கி ஆட்டிய நாய்.

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. உங்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்லத் தைரியம் வரவில்லை. நாம் சிரித்த கதைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பெல்லாம் அவற்றைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்போது ஒவ்வொன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் சமைத்த பள்ளி விடுதியில் தோட்ட வேலை பார்த்தவர், சுத்தமான லேப்ராடார் என்று சத்தியம் செய்து உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போன குட்டி அது. வளர வளரத்தான் குட்டு வெளிப்பட்டது. காது மட்டும் லேப்ராடார், மற்றதெல்லாம் நம் பஸ் ஸ்டாண்டு. வந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ராக்கெட் என்று பேர் வைத்தீர்கள். அந்த இரண்டு நாளோடு ஓட்டம் சரி. குரைக்கவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். போகிற போக்கில், நட்ட நடு ரோட்டில், பொத்தென்று உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் வராது, கெஞ்சினாலும் வராது.

ஒருமுறை கல்யாணக் கார் முன்னால் உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? பூ ஜோடித்த கார், பின்னால் மேளம், அதற்குப் பின்னால் இருபது வண்டி. ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் கல்யாணப் பெண்ணே பட்டுப்புடவையோடு இறங்கி வந்து அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிற மாரிமுத்து ஓரமாக நின்று, "என்னக்கா, ராக்கெட்டு இன்னைக்கும் கெளம்பலையா?" என்று ஆரம்பித்துவைத்தான். அன்றிலிருந்து ஊருக்கே அதுதான் பேச்சு. ஊசி போடப் போன நாளில் சீகை மரத்து வளைவுக்கு முன்னால் உட்கார்ந்து அழிச்சாட்டியம் பண்ணியது. நீங்கள் பொறுமை போய், இருபத்தைந்து கிலோ நாயைப் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேறு வழியாகச் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்கு வந்தீர்கள். "பிள்ளைக்கு எத்தன வயசும்மா?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

மறுநாள் அதே வளைவில் காட்டுமாட்டுச் சாணி கிடந்தது. மிதிக்காமல் தாண்டிப் போனோம். நம் மலை ஊரில் காட்டுமாட்டுச் சாணி எங்கேதான் இல்லை?

அடுத்தது அந்த நாய்க் கண்காட்சி. உங்களுக்கு இஷ்டமே இல்லை. கலப்பு நாய்களும் கலந்துகொள்ளலாம் என்று நோட்டீஸில் படித்துவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். மலர்க் கண்காட்சியோடு சேர்த்து நடத்துவது, சீசன் கூட்டம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்கிய நாய்கள், என் தையல் கடையில் துணி தைக்க வருகிறவர்களைவிட நல்ல சட்டை போட்டிருந்தன. கீழ்ப்படிதல் போட்டியில் செய்ய வேண்டியதெல்லாம் வேலியோரம் ஒரு சுற்று நடப்பது மட்டும்தான். ராக்கெட் பாதித் தூரம் ராஜா மாதிரி நடந்தது. புல்வெளியின் கீழ்க்கோடி வந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் இழுத்தீர்கள். ஈரப் புல். செருப்பு வழுக்கி, நீங்களும் அதன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தீர்கள். மைக் பிடித்தவர் சும்மா விடுவாரா? "ராக்கெட்டும் கெளம்பல, ராக்கெட் விட வந்த அம்மாவும் கெளம்பல!" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், அக்கா. தரையில் உட்கார்ந்தபடியே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குத்தான் காது வரைக்கும் சுட்டது. அன்று சாயங்காலம் அந்தக் கீழ்க்கோடி வேலியை முறித்துக்கொண்டு காட்டுமாடு ஒன்று பூச்செடிகளுக்குள் வந்துவிட்டது என்று மறுநாள் பால்காரர் சொன்னார். அப்படியா என்று கேட்டுவிட்டுப் பாலை வாங்கி அடுப்பில் வைத்தேன்.

அப்போதே நீங்கள் சொன்னீர்கள்: "விடு புள்ள. அதுக்கு என்னமோ தோணுது, உக்காருது. நமக்கென்ன, வெரசாப் போயி மலையப் பெரட்டவா போறோம்?"

நான் விடவில்லை. என்னுடைய குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. கோணலாகத் தையல் விழுந்தால் சட்டையையே பிரித்துவிடுகிறவள். என் கண் முன்னால் உங்களைப் பார்த்து ஊர் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. போனில் நாய்ப் பழக்கும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். பாஷை புரியாவிட்டால் என்ன, கை ஜாடை புரிந்தது. பாயிடம் ஈரல் வாங்கி, அவித்து, துண்டு போட்டேன். யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய நீலத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து உங்கள் இடுப்பில் கட்டிவிட்டேன். முறையையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நாய் உட்கார்ந்தால் இழுக்கக் கூடாது. கயிற்றைக் கீழே போட்டுவிட வேண்டும். பத்து எட்டு எடுத்துவைத்து முன்னால் போய், திரும்பி, நாயைப் பார்த்து நிற்க வேண்டும். ஈரலை நீட்டி, ஒரே ஒரு முறை "நட" என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் கூத்து. நீங்கள் பத்து எட்டு எண்ணுவதற்குள் அது உங்களுக்கு முன்னால் வந்து பையையே கவ்வியது. ஒருநாள் நீங்கள் மறதியில் ஈரலை உங்கள் வாயில் போட்டுக்கொண்டு, "உப்புப் பத்தல புள்ள" என்றீர்கள். இரண்டு மாதத்தில் வழிக்கு வந்துவிட்டது. எந்த வளைவிலும் உட்காரவில்லை. அடுத்த வருடக் கண்காட்சியில் முழுச் சுற்றும் நடந்து மூன்றாம் பரிசு வாங்கியது. கோப்பையை வாங்கப் போன இடத்தில், மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பூந்தொட்டியின் மேல் காலைத் தூக்கிவிட்டது, அது வேறு கதை. சிறப்பு விருந்தினர் வேட்டியை மடித்துக்கொண்டு ஒதுங்கினார். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

அந்த மழைக்காலத்தின் ஆரம்பத்தில் ஒருநாள், என் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்: "இப்பல்லாம் உக்காராமத்தான் வருது. ஆனா அந்த வளைவுல நடக்குறப்ப மேலெல்லாம் நடுங்குது புள்ள. தொட்டுப் பாத்தேன்."

"குளுராத்தான் இருக்கும்க்கா" என்றேன். மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

ஐப்பசியில் மேகம் இறங்கிய அந்தக் காலையில், விடுதி அடுப்பைப் பற்றவைக்க நீங்கள் எப்போதும் போல வெள்ளனே கிளம்பினீர்கள். கதவைத் தட்டி, "சோலி கெடக்கு புள்ள, வரட்டா" என்று சொல்லிவிட்டுப் போனது கேட்டது. அரை மணி நேரம் கழித்துக் கதவில் ஏதோ உரசியது. திறந்தேன். ராக்கெட் தனியாக நின்றது. கயிறு பின்னால் சேற்றில் இழுபட்டுக் கிடந்தது. குரைக்கத் தெரியாத அந்த நாயின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை.

நீங்கள் போன வழியிலேயே வளைவு வரைக்கும் ஓடி வந்தேன், அக்கா. எனக்கு முன்பே மாரிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் வந்து, உங்களை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். காட்டுமாடு முட்டிவிட்டது என்றார்கள். நானும் ஏறப் போனேன். இடமில்லை என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. அந்த வளைவில் நான் மட்டும் நின்றேன். ரோட்டோரச் சேற்றில், நாய் அழுந்த உட்கார்ந்த தடம் இருந்தது. உங்கள் ஒற்றைச் செருப்பு அதற்கு முன்னால் கிடந்தது. எண்ணாதே எண்ணாதே என்று மனசு சொல்லியும் என் கால் எண்ணியது. பத்து எட்டு.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உங்கள் வளையலையும் நீலப் பையையும் என்னிடம் கொடுத்தார். "கையில இதயும் இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, என்னன்னு தெரியல" என்று காகிதத்தில் சுற்றி ஒன்றை நீட்டினார். எனக்குத் தெரிந்தது. அவித்த ஈரல்.

அப்படியென்றால் ராக்கெட் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை மாதம் கழித்து, ஈரலுக்கும் மசியாமல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் நான் சொல்லிக்கொடுத்தபடியே கயிற்றைப் போட்டுவிட்டு, பத்து எட்டு முன்னால் போய், திரும்பி நின்று, ஈரலை நீட்டியிருக்கிறீர்கள். முகம் நாயைப் பார்த்து. முதுகு மேகத்தைப் பார்த்து.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த உங்கள் மகன், "ஒரு நாய் கூட இருந்தும் சத்தம் குடுக்கலயேக்கா" என்று அழுதான். பக்கத்திலேயே நின்றேன், சொல்லவில்லை. நன்றி கெட்ட நாய், எசமானியை விட்டுட்டு ஓடியாந்த நாய் என்று ஊர் பேசியது. ஒருவர் கல்லால்கூட அடித்தார். அப்போதும் சொல்லவில்லை. நாயை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். அந்தத் துண்டைக் காயவைத்து நீலப் பைக்குள் போட்டு, பையின் வாயை மெஷினில் வைத்து மூன்று தையல் ஓட்டினேன். ரவிக்கைக்குள் அதை வைத்துக்கொண்டுதான் தினமும் நடக்கிறேன்.

"நட" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு ராக்கெட்டிடம் சொன்னதில்லை. இருந்தும் அது நடந்துகொண்டே இருந்தது. எந்த வளைவிலும் நிற்காமல், நடுங்கிக்கொண்டே, நல்ல பிள்ளையாக நடந்தது. உட்காரு சாமி, உட்காரு என்று நான் கெஞ்சியிருக்கிறேன். கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டேன்.

இன்று கறிக்கடையிலிருந்து திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சீகை மரத்து வளைவுக்கு முன்னால் ராக்கெட்டின் நடை மெதுவானது. காதைத் தூக்கியது. நட்ட நடு ரோட்டில் பொத்தென்று உட்கார்ந்தது.

என் கை என்ன செய்தது தெரியுமா? பைக்குள் போய் ஈரல் பொட்டலத்தைத் தொட்டுவிட்டது. கயிற்றைப் பிடித்த விரல்கூடத் தளர்ந்துவிட்டது. பழகியது நாய் மட்டும் இல்லை.

பொட்டலத்தை எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். ஈர ரோட்டில் அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன். அதன் முதுகு நடுங்கியது, என் முதுகும் நடுங்கியது. பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. மாரிமுத்து. உள்ளே சுற்றுலாக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். அவன் தலையை வெளியே நீட்டி, "என்னக்கா, நீங்களுமா கெளம்பல?" என்றான். பிறகு நாயைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இந்தப் புத்தி அன்னைக்கு வந்திருந்தா அந்தக்கா பொழச்சிருக்கும்" என்றான்.

"அன்னைக்கும் உக்காந்துச்சு மாரி" என்றேன். "நாந்தான் அதக் கெளப்பச் சொல்லிக் குடுத்தேன்."

ஒன்பது மாதத்தில் முதல் தடவை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தபடி இருந்தான். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். சுற்றுலாக்காரர்களின் சிரிப்பும் நின்றுவிட்டது.

அப்போதுதான் கேட்டது. மேகத்துக்குள், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு கனத்த மூச்சு. ஒரு சுள்ளி முறிந்தது. ராக்கெட் என் மேல் சாய்ந்துகொண்டது. நெஞ்சோடு நீலப் பையை அழுத்திப் பிடித்தேன்.

அது போகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை, அக்கா.