கூப்பிட்டாலும் ஓம் சொல்லமாட்டேன்

இஞ்சாருங்கோ, என் ராசா,

போன கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்து விலா நொந்தது. புங்குடுதீவிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஸ்கான் எடுத்தேன். விலாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நுரையீரலில் ஒரு புள்ளி இருக்கிறதாம்.

டாக்குத்தர் பிள்ளை படத்தில் தொட்டுக் காட்டினா.

"பயப்பிடாதேங்கோ அம்மா, சின்னன்தான். பழைய வருத்தம் ஆறின தழும்பாயும் இருக்கலாம். வேறை ஏதுமாயும் இருக்கலாம். மூண்டு மாசத்தாலை திரும்ப எடுத்துப் பாப்பம். வளராமல் இருந்தால் நல்லம்."

"வேறை ஏதும் எண்டால் என்ன, மோள்?"

"அதை இப்ப சொல்லேலாதம்மா."

வீட்டுக்கு வந்து ஒரு உளுந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவுதான் இருக்குமாம். இது என்னை என்ன செய்யும்? உங்களுக்கும் முதலில் சின்னன் என்றுதானே சொன்னார்கள். "திருவிழா முடியட்டும், பேந்து போவம்" என்றீர்கள். பேந்து போனபோது டாக்குத்தர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் கனவில் வந்தீர்கள். வாசல் படலையடியில் நின்று, "தவம், வாரும்" என்றீர்கள். உங்கள் தங்கச்சி ராணியிடம் போய்ச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ அப்படியே நிறுத்திவிட்டா.

"கூப்பிட்டவரோ? நீங்கள் ஓம் எண்டனீங்களோ மச்சாள்?"

"தெரியேல்லை, ராணி."

"தெரியேல்லையோ! செத்த ஆக்கள் கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்லக்கூடாதெல்லோ. உயிரோடை இருக்கேக்கை அண்ணை பத்துத்தரம் கத்தினாலும் குசினியை விட்டு வரமாட்டியள். இப்ப மட்டும் ஓடப்போறியளோ?"

சிரிக்கத்தான் பார்த்தேன். ஏலவில்லை.

நான் ஓம் என்றேனா? அது உங்களுக்கு மட்டும்தானே தெரியும். லேசாக இருமினாலும் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன், வளர்வது கையில் தட்டுப்படும் என்பது போல. உங்கள் பக்கத்துக்கு வர ஆசை இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் நீங்கள் கடைசியாகப் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தவள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன். கோயிலில் கொடி ஏறியிருந்தாலும், மழை வெள்ளம் றோட்டை மூடினாலும், அவர்கள் சொன்ன நாளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். உங்களைப் போலப் பேந்து என்று சொல்லமாட்டேன். அதுவரைக்கும் கனவில் வந்தால் பேசாமல் கதிரையில் இருந்துவிட்டுப் போங்கோ. மறந்துபோய்க் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். கோவிக்காதேங்கோ.

இன்னும் கொஞ்சக் காலம் இங்கே இருக்க ஆசைப்படுகிற,
உங்கள் மனுசி
தவம்