பெயர் சொன்னால்தான் பனி உருகும்

அன்பு மகன் தாயிருக்கு, அம்மா எழுதுவது. சப்போரோ குளிரில் உன் நெஞ்சுச் சளி குறைந்ததா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் அந்தக் கப் நூடுல்ஸ்தானா? இங்கே மனுஷர்களும் நலம், மந்தையும் நலம். வருஷா வருஷம் இந்த வரியைச் சும்மா எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் அப்படிப் போக முடியவில்லை. பயந்துவிடாதே, சந்தோஷச் செய்திதான். ஜெயித்துவிட்டோம் மகனே! அப்பா போனில் பாதி சொல்லியிருப்பார், அதுவும் ஏதோ தானே செய்து முடித்தது போல. நடந்தபோது அவர் இங்கே இல்லவே இல்லை. முழுக் கதையும் என்னிடம்தான் இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி பத்தாம் தேதி அப்பாவும் சித்தப்பாவும் உலர்புல் வாங்க லாரியை எடுத்துக்கொண்டு நாரின் நகரத்துக்குப் போனார்கள். குளிர்காலக் கொட்டகையில் நானும் உன் சித்தி சைரகுலும் மட்டும்தான், பிள்ளைகள் கீழே பள்ளி விடுதியில். மறுநாள் மழை கொட்டியது. ஜனவரியில் மழை! சாயங்காலம் நின்றது, விடிந்து பார்த்தால் மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர், புல்வெளி முழுக்கக் கண்ணாடி போட்டு மூடினது மாதிரி பனிக்கட்டி. புல் கண்ணுக்குத் தெரிகிறது, ஆட்டின் வாய்க்கு எட்டவில்லை. மந்தையைப் பட்டினி போட்டுக் கொல்லும் ஜூத் வந்துவிட்டது. குதிரைகளை முன்னால் ஓட்டிக் குளம்பால் உடைக்க வைத்தோம், இரண்டு நாளில் அதுகளின் கால் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது, அதற்குமேல் ஓட்ட மனசு வரவில்லை. கணவாய் மூடிவிட்டது, போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. கொட்டகையில் மிச்சமிருந்த உலர்புல்லும் மூன்றாம் நாள் தீர்ந்தது. இருநூற்றுப் பத்து ஆடுகள், பாதிக்கு மேல் சினை. பசி தாங்காமல் ஒன்றின் ரோமத்தை ஒன்று கடித்துத் தின்ன ஆரம்பித்தன. உன் தாத்தாவின் காலத்தில் இப்படி வந்த ஜூத்தில் நானூறு ஆட்டில் ஒன்பதுதான் மிஞ்சியதாம். 

அப்போதுதான் நீ போன கோடையில் வந்து தெற்குச் சரிவில் புதைத்துவிட்டுப் போன குழாய்களைப் பற்றி சைரகுல் பேச்செடுத்தாள். அதற்குள் இருப்பது கோடை வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் கேட்கும்போது கக்கும் உப்பு என்று நீ சொன்னபோது ஊரே சிரித்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒரோஸ்பாய் என்னிடமே வந்து, என்ன புர்மகான், உன் மகன் உலகத்துல எங்கயுமே இல்லாத சாமானைப் பண்றானாமே, இல்லாத குதிரைக்குச் சேணம் தைக்கிற கதையால்ல இருக்கு என்றார். எனக்குக்கூட உள்ளுக்குள் அரைச் சந்தேகம்தான், மறைப்பானேன்.

சரி, முடுக்கிப் பார்ப்போம் என்று சரிவில் நீ நட்ட பெட்டியைத் திறந்தால், பெயரைச் சொல்லவும் என்கிறது. அதுவும் உன் குரலில்! ஆடு மிதித்தோ சின்னப் பிள்ளைகள் விளையாடியோ சூடு கிளம்பிவிடக் கூடாது என்று பெயர்ப் பூட்டு போட்டாய், நல்லது. அதற்கு உன் தாத்தாவின் பெயரை வைத்தாய், அதுவும் பெருமைதான். ஆனால் மக்கு மகனே, இந்த வீட்டில் பாதிப் பேர் மருமகள்கள் என்பது உனக்குத் தோன்றவே இல்லையா? மாமனார் பெயரை எந்த மருமகள் வாயால் சொல்லுவாள்? நீ சோதித்துக் காட்டியபோது ஆண்கள் எல்லாரும் நின்று பெயர் சொல்லிக் கைதட்டினீர்கள், நாங்கள் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். முப்பத்தொரு வருஷமாக நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதே பெயருள்ள கடைக்காரரைக்கூட மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

நாங்கள் இருவரும் அந்தப் பெட்டி முன்னால் நின்று பட்ட பாட்டைக் கேள். பெரியவரே என்றேன். பெயர் தவறு என்றாய். வெண்தாடி அப்பா என்றாள் சைரகுல். பெயர் தவறு. தாயிரின் தாத்தா என்று நான் கத்தினேன். பெற்ற தாயிடம் பெயர் தவறு என்கிறாய், நேரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். சைரகுல் அழுதுகொண்டே, அக்கா, நான் நடந்துபோய் ஒரோஸ்பாய் மாமாவைக் கூட்டிட்டு வந்துடறேன், ஆம்பளை, அவரு சட்டுனு சொல்லிடுவாரு என்றாள். போயிட்டு வர ரெண்டு நாளாகும்டி, அவரு வந்து செத்த ஆட்டுத் தோலைத்தான் உரிக்கணும் என்றேன். அப்ப நீங்கதான் மூத்த மருமக, நீங்களே சொல்லிடுங்க, எனக்கு நாக்கு வராது என்று காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள்.

முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எதிர் மேட்டில் தாத்தாவின் கல்லறை இருக்கிறதல்லவா, அந்தப் பக்கம் பார்த்து, புது மருமகளாக வந்த அன்று குனிந்த மாதிரி மூன்று முறை குனிந்தேன். அப்பா, சாகப்போறது உங்க மந்தை, மரியாதை பெருசா ஆடு பெருசான்னு நீங்களே சொல்லுங்க என்று கேட்டேன். அப்புறம் பள்ளத்தாக்கே எதிரொலிக்க அந்தப் பெயரைச் சொன்னேன்.

சரி என்றாய். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மண்ணுக்குள் ஏதோ முனகியது, பனிக்கட்டி படார் படாரென்று வெடித்தது, சரிவெல்லாம் ஆவி கிளம்பியது. அரை மணியில் புல் ஈரமாகத் தலை நீட்டிவிட்டது. ஆடுகள் எங்களை இடித்துத் தள்ளிவிட்டு ஓடின. நானும் சைரகுலும் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்து சிரித்தோம், அழுதோம். அடுத்த மூன்று நாளும் மண் சூடு ஆறவில்லை. இரண்டாம் நாள் ஆவியைப் பார்த்துவிட்டு ஒரோஸ்பாய் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். இல்லாத புல்லு உங்க ஆட்டுக்கு ஒத்துக்குமா மாமா என்று கேட்டேன், விடுவேனா! பாவம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் மந்தையையும் மேயவிட்டோம். நமக்குப் போனது ஒரே ஒரு கிழட்டு ஆடு.

நான்காம் நாள் கணவாய் திறந்து லாரி வந்தது. செத்த ஆடுகளைப் புதைக்க மண்வெட்டியோடு இறங்கினார் அப்பா. மந்தையை இரண்டு தரம் எண்ணினார். எப்படி முடுக்கினாய் என்று கேட்டார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கண்ணைத் துடைக்கிறார். எங்கப்பா பேரை இந்த வீட்ல யாரும் சத்தமா கூப்பிட்டு எவ்வளவு வருஷமாச்சு, இன்னொருவாட்டி சொல்லேன் என்றார். மாட்டேன் என்றேன். அப்புறம் சொன்னேன்.

பெட்டியில் பெயரை மாற்றித் தருகிறேன் என்று போனில் அப்பாவிடம் சொன்னாயாமே. தொடாதே. அது அப்படியே இருக்கட்டும். மற்ற கொட்டகைகளுக்கும் செய்து கொடு, அவரவர் வீட்டு மருமகள்களைக் கேட்டுப் பெயர் வை. கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள். உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் பாதை திறந்தே இருக்கட்டும், அப்படியே ஆகட்டும், ஓமின். தாத்தாவின் பெயரை வாயால் சொல்லிவிட்டேன், கையால் இதுவரை எழுதியதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கசிமாலியின் மூத்த மருமகள்,
உன் அம்மா புர்மகான்