நான் பிடுங்கிய நாலு முளை

என் ஆசை நைனாவுக்கு,

முதலில் பானையைத்தான் பார்த்தேன். தண்ணீர் வற்றிய இடத்தில், கழுத்தை ஒட்டி வெள்ளையாக ஒரு வளையம். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. நம் பள்ளத்து ஊற்றுத் தண்ணீர் கரிக்கிறது, நைனா. நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க நைனாவ நெனச்சி அயுதுகினே இருந்தா எல்லாம் உப்பாத்தான் இருக்கும்," என்றாள். மறுநாள் அவளே கஞ்சியைத் துப்பினாள்.

எர்ணாவூரில் இப்படி ஒரு கிளிஞ்சல் பள்ளம் இருப்பது பட்டணத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் ஆறு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிருக்க வேண்டும். வெட்டின சுவரைப் பார்த்தாலே தெரியும். மேலே மணல், கீழே ஒரு முழம் வெள்ளைக் கிளிஞ்சல், அதற்கும் கீழே கறுப்புச் சேறு, மறுபடி கிளிஞ்சல். எத்தனை வெள்ளம் வந்து போனதோ, எத்தனை தலைமுறை மட்டிச் சிப்பி அங்கேயே செத்ததோ. சுற்றிலும் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடிதான் முளைக்கும். கீழ்க்கரையில் மட்டும் தாழை நின்றது, உள்ளான் குருவி வந்து தண்ணீர் குடித்தது. மழைத் தண்ணீரைக் கிளிஞ்சல் தாங்கி வைத்திருந்தது. உப்பு அடியிலேயே கிடந்தது.

அந்தக் கிளிஞ்சல் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகி, பட்டணத்து மாடி வீட்டுச் சுவரெல்லாம் பளபளக்கிறது. உன் மாரை அடைத்து உன்னைக் கொண்டுபோனதும் அதே சுண்ணாம்புத் தூள்தான். நம் வீட்டுக்கு மண் சுவர்.

இரண்டு ஓடும் சேர்ந்து, வாய் மூடின கிளிஞ்சல் வந்தால் அதற்கு மேல் வெட்டக் கூடாது, அடியில் ஊற்று இருக்கிறது என்று நீ கீழ்க்கரையில் எல்லைக்கு நாலு பனங்கட்டை முளை அடித்திருந்தாய். ஆள் வைத்துப் பள்ளம் வெட்டுகிற மேஸ்திரிகூட அதைத் தாண்டியதில்லை.

உன் பதினாறாம் நாள் படையலுக்கு, நீ கையால் புழங்கினதெல்லாம் வைக்க வேண்டும் என்றார்கள். மண்வெட்டி, கூடை, தலைத்துண்டு வைத்தோம். எனக்குப் போதவில்லை. யாரிடமும் கேட்காமல் போய் முளை நாலையும் பிடுங்கி வந்து, கழுவி, மஞ்சள் பூசி, உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். மேஸ்திரியும் பார்த்தான், சாப்பிட்டான், போனான்.

மறுநாளே கீழ்க்கரையை வெட்டினார்கள். "மொளைய காணோமே, மேஸ்திரி?" என்று ஓர் ஆள் கேட்டான்.

"அதான் பொண்ணே புடுங்கிகினு பூட்ச்சே. எல்லை முடிஞ்சிதுன்னு அர்த்தம். இன்னாமே, நான் சொல்றது சரிதானே?" என்று மேஸ்திரி என் பக்கம் திரும்பினான்.

சிரித்தார்கள். வாய் மூடின கிளிஞ்சல் என் கூடையில் விழுந்துகொண்டே இருந்தது. நான் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே தலை குனிகிறவள். கூடைக்கு ஆள் வேண்டும் என்று நீ அஞ்சாவதோடு நிறுத்தியபோதும் வாய் திறக்கவில்லை. "வாயில்லாப் பூச்சி, தங்கமான பொண்ணு" என்று மெச்சினாய். அதில்தான் உன்மேல் எனக்குக் கோபம். எதற்காக மெச்சினாய்?

கிளிஞ்சல் போனதும் அடி உப்பு மேலே ஏறி, தாழை காய்ந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு திருவொற்றியூர் வரை நடக்கிறார்கள். "உன் பொண்ணு நைனாவுக்குப் படைச்சா, எங்க கொடம் காஞ்சிச்சி," என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னாள். மேஸ்திரியை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்தே வெட்டினவனுக்குக் கும்பிடு, யோசிக்காமல் பிடுங்கினவளுக்கு ஏச்சு.

வடக்கு மூலை மட்டும் மிச்சம். நேற்று கையால் தோண்டினேன். வாய் மூடின கிளிஞ்சல் ஜோடி ஜோடியாக வந்தது. ஈரத்தை நக்கிப் பார்த்தேன், கரிக்கவில்லை. இன்று அங்கேதான் வெட்டு என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னே உன் முளைகளைக் கொண்டுபோய் அங்கே அடித்தேன். மஞ்சள் இன்னும் போகவில்லை.

"இன்னாமே, வெளையாட்டா?" என்றான் மேஸ்திரி.

"நைனா மொளை இது. இதுக்கு இந்தாண்ட வெட்டக் கூடாது."

"தோ பார்றா, ஊமைக்கு வாய் வந்துட்ச்சி! எத்தினி நாளிக்கி நிப்பேன்னு நானும் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, ஆட்களைத் தெற்குப் பக்கம் அழைத்துப்போனான்.

நாளைக்கும் நிற்பேன், நைனா. அதற்கு மறுநாளும். இது உன்மேல் சத்தியம்.

அவன் போனதும் ஒரு முளை ஆடுவதைப் பார்த்தேன். கல்லை எடுத்து இன்னும் ஆழமாக அடித்தேன்.

உன்னோடு கூடை சுமந்த மகள்