வைகாசியில் இல்லாத துளை

அரியலூர். ஆவணி, 1978. ஞாயிறு இரவு.

விக்கிரமங்கலத்தில் சாலையோரக் கொல்லை ஒன்றில் நிற்கும் இலுப்பையை நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் பார்த்துக் குறித்துவருகிறேன். மாசியில் இலை உதிரும். பங்குனியில் பூவோடு செம்பு நிறத் தளிர் வரும். இவ்வாண்டு தளிர் வரவில்லை. வைகாசியில், "மரம் பட்டுவிட்டது, அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தேன், காயம் ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இன்று காலை கொல்லைக்காரர் சவரிமுத்து வழக்குத் தொடுக்க என்னிடம் வந்தார்.

"என் தம்பிதான் சார் துளை போட்டுப் பெருங்காயத்த வச்சுக் கொன்னுட்டான். வந்து பாருங்க, இன்னும் வாசம் அடிக்குது."

பஸ்ஸில் உடன் சென்று பார்த்தேன். துளை புதியது. மரத்தூள்கூட அடியில் அப்படியே கிடந்தது.

"வைகாசியில் இந்தத் துளை இல்லையே?" என்றேன்.

அவர் சற்றுத் திகைத்தார். "மரத்தையெல்லாமா சார் பார்த்துக்கிட்டு இருப்பீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் மேல ஒரு கேஸு இருந்தாத்தான் சார் நிலத்துல பாகம் கேக்க மாட்டான்."

வழக்கை ஏற்க மறுத்தேன்.

"டவுன்ல வக்கீலுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் என்னிடம் சொன்னதை வெளியிட எனக்கு உரிமையில்லை. ஆனால் வைகாசியில் நான் கண்டது அவர் சொல்லி அறிந்ததன்று. தம்பி தரப்பில் சாட்சிக்கு அழைத்தால் குறிப்பேட்டுடன் கூண்டேறலாம். அப்படி ஒரு குறிப்பு இருப்பதே அந்தத் தம்பிக்குத் தெரியாது. நானாகச் சென்று தெரிவிப்பது தொழில்முறைக்குப் பொருந்தாது என்று இங்கே எழுதிவிட்டு உறங்கலாம் என நினைத்தேன். எழுதினேன், அடித்துவிட்டேன்.